நீறு பூத்த நெருப்பு: நமது பாசறைத் தீயின் கதை

நூற்றாண்டு மலர்க் குழுவினர் சேர்த்து வைத்திருக்கும் பழைய புகைப்படங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இருந்து பார்த்தேன். இல்ல விளையாட்டுப் போட்டி, வாணி விழா, பரிசளிப்பு விழா என்று கட்டுக் கட்டாகப் படங்கள். பாசறைத் தீ எடுக்கப்பட்ட படங்கள் மட்டும் பதினொன்று இருந்தன. ஒன்றில் அதிபர் பந்தத்தை விறகில் நீட்டுகிறார். இன்னொன்றில் பிரதம விருந்தினர் நீட்டுகிறார். மற்றவற்றில் சாரணிய மாணவிகள் வட்டமாக நின்று கைதட்டிப் பாடுகிறார்கள். பதினொரு படங்களிலும் தீ எரிகிறது. தீயை அணைக்கும் காட்சி ஒன்றில்கூட இல்லை.

நூற்றாண்டு ஒன்றுகூடலில் மீண்டும் ஒரு பாசறைத் தீ மூட்ட வேண்டும் என்று சங்கம் தீர்மானித்திருப்பதால், அதன் வரலாற்றை எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். மூட்டிய வரலாற்றை எழுதுவது எளிது. அணைத்த வரலாற்றையும் சேர்த்து எழுத வேண்டிய கடன் எனக்கு இருக்கிறது. அது ஏன் என்பதை இக்கட்டுரையின் நடுவில் சொல்கிறேன்.

சாரணியத்துக்கு முன்னரே இருந்த தீ

திறந்த வெளியில் தீ மூட்டி அதைச் சுற்றி இரவைக் கழிப்பதை ஏதோ வெள்ளைக்காரர் கற்றுத்தந்த வித்தை என்று நாம் நினைத்துவிடுகிறோம். கோப்பிக் காலத்தில் நமது முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, வடபாதை எனப்பட்ட காட்டு வழியில் நூறு மைலுக்கு மேல் நடந்து, தம்புள்ளையைத் தாண்டி மாத்தளைக்கு வந்தார்கள். கொலராவும் காய்ச்சலும் பசியும் வழிநெடுக அவர்களைத் தின்றன. யானையும் சிறுத்தையும் திரியும் அந்தக் காட்டில் இரவு தங்கிய கூட்டம், தீ இல்லாமல் தங்கியிருக்க முடியாது. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அந்தத் தீயருகில் விழித்திருந்தவர்கள் நமது பாட்டிமாரின் பாட்டிமார். நமது முதல் பாசறைத் தீ அதுதான்.

லயத்துக்கு வந்த பிறகு அந்தத் தீ அடுப்படிக்குள் போனது. என் அம்மாயி, பிரட்டுக்குப் போகும் பெண் எவருக்கும் தெரிந்த ஒரு வேலையை இரவுதோறும் செய்வார். சோறாக்கி முடிந்ததும் அடுப்பில் மீந்த கங்குகளை ஒரு மூலைக்கு ஒதுக்கி, மேலே சாம்பலை வாரிப் போட்டு மூடிவிடுவார். விடியற்காலை நான்கு மணிக்குச் சாம்பலை விலக்கினால் உள்ளே கங்கு சிவப்பாக இருக்கும். இரண்டு கவ்வாத்து மிலாறை வைத்து ஊதினால் தேத்தண்ணிக்கு அடுப்பு தயார். தீப்பெட்டிக் குச்சி மிச்சம். மூடிய நெருப்பு சாகாது என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டுமா? "நீறு பூத்த நெருப்பு" என்று தமிழில் நாம் சும்மா சொல்வதில்லை. இந்த அடுப்பை நினைவில் வைத்திருங்கள். பிறகு தேவைப்படும்.

பிரவுண்சீ தீவிலிருந்து மாத்தளைக்கு

சாரணியத்தின் தீ 1907 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் இங்கிலாந்தின் தென்கரையில், பூல் துறைமுகத்திலுள்ள பிரவுண்சீ என்ற சிறு தீவில் மூட்டப்பட்டது. பேடன் பவல் இருபது பேரளவிலான சிறுவர்களைக் கூட்டிச்சென்று அங்கே ஒரு வாரம் பாசறை அமைத்தார். பணக்காரப் பள்ளிகளின் பிள்ளைகளும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே கூடாரத்தில் தங்கியது அந்நாட்டுக்கு அன்று புதுமை. காலையில் ஆபிரிக்காவிலிருந்து அவர் கொண்டுவந்த மான்கொம்பை ஊதி எழுப்புவார். இரவில் தீயைச் சுற்றி உட்கார்ந்து கதை சொல்வார். அடுத்த ஆண்டு அவர் எழுதி வெளியிட்ட சாரணர் கைநூலின் அத்தியாயங்களுக்கே பாசறைத் தீக் கதைகள் என்றுதான் பெயர் வைத்தார். 1909 இல் லண்டன் பளிங்கு மாளிகையில் நடந்த சாரணர் பேரணிக்கு, அழைப்பில்லாமலே சிறுமிகள் வந்து நின்றார்கள். எங்களுக்கும் இது வேண்டும் என்றார்கள். 1910 இல் பெண் சாரணியம் தொடங்கியது. அதை முதலில் நடத்தியவர் பேடன் பவலின் சகோதரி அக்னஸ்.

இங்கே நாம் பெருமைப்படக்கூடிய ஒரு செய்தி உண்டு. இலங்கையில் சாரணியம் தொடங்கியது கொழும்பிலும் அல்ல, கண்டியிலும் அல்ல. 1912 ஆம் ஆண்டு, நமக்கு அரைமணி பஸ் தூரத்திலுள்ள மாத்தளையில், கிறைஸ்ட் சேர்ச் கல்லூரியில், பிரான்சிஸ் ஜோர்ஜ் ஸ்டீவன்ஸ் என்ற ஆங்கிலேயர் முதலாவது சாரணர் குழுவை அமைத்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1917 மார்ச் 21 ஆம் திகதி, கண்டி மகளிர் உயர்தரப் பாடசாலையில் ஜெனி கல்வர்லி என்ற ஆசிரியை இலங்கையின் முதலாவது பெண் சாரணியர் குழுவைத் தொடக்கினார். 1921 இல் பேடன் பவலும் மனைவி ஒலேவும் இலங்கைக்கு வந்து சென்றார்கள். பிள்ளைகளின் சாரணியமும் பெண்களின் சாரணியமும் இந்த நாட்டில் வேர்விட்டது நமது மலைகளில்தான் என்று சொல்வதில் பிழையில்லை.

ஆனால் ஒரு வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும். மாத்தளையிலும் கண்டியிலும் ஆங்கிலப் பாடசாலைப் பிள்ளைகள் கூடாரம் அடித்த அதே காலத்தில், தோட்டத்துப் பிள்ளைகளின் நிலை என்ன? 1920 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தோட்டங்கள் கல்வி தர வேண்டும் என்றது. பத்து வயதுக்கு மேல் கொழுந்துக் கூடைதான். பெண் பிள்ளைக்கு அதற்கும் முன்பே தம்பி தங்கையைப் பார்க்கும் வேலை. அப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வந்த மாணவிகள் சாரணியச் சீருடை அணிந்து நின்றபோது, அந்தக் கழுத்துப் பட்டிக்கு வேறெங்கும் இல்லாத ஒரு கனம் இருந்தது.

ஓர் இரவு வெளியே

நமது பாடசாலைப் பாசறைகள் பெரும்பாலும் நமது மைதானத்திலேயே நடந்தன. மலை ஏறிப் போனதில்லை. மைதானத்தின் ஓரத்தில் ஐந்தாறு கூடாரம், நடுவே தீ, அதிபர் விடுதித் திண்ணையில் காவலாளி. இதைக் கேட்டு இன்றைய பிள்ளைகள் சிரிக்கலாம். ஆனால் அது பாடசாலை மதிலுக்குள்ளேதான் என்றாலும், வீட்டுக்கு வெளியே ஓர் இரவு. நமது மாணவிகளில் எத்தனையோ பேருக்கு, திருமணத்துக்கு முன் பெற்றோர் இல்லாமல் கழித்த ஒரே இரவு அதுதான். எனக்கு மூத்த அக்காமார் இன்றும் அதைப் பற்றிப் பேசும்போது குரல் மாறும். அப்பாவிடம் சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்க டீச்சர்மார் லயத்துக்கு நடந்து வந்த கதைகள் உண்டு. "ராத்திரி பொம்பளைப் புள்ளையா?" என்று கேட்ட தாத்தாவிடம் "நானும் கூடத்தான் இருப்பேன், ஐயா" என்று சொல்லிக் கூட்டிப்போன டீச்சரை மறக்க முடியுமா?

தீயைச் சுற்றி என்ன நடந்தது? பாட்டு, நாடகம், கோமாளி வேடம். எட்டாம் வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை தீ வெளிச்சத்தில் எழுந்து நின்று பாடுவாள். வெளிச்சம் நடுவில் இருப்பதால் ஒருவரை ஒருவர் அரைகுறையாகத்தான் பார்க்க முடியும். அதனால் கூச்சம் விட்டுப்போகும். கூட்டத்தில் பேசவும், ஓர் அணியை நடத்தவும், தவறு செய்தால் ஒப்புக்கொள்ளவும் நான் கற்றது அங்கேதான். கடைசியாகச் சொன்னதில் மட்டும் பல ஆண்டுகள் தாமதமாகிவிட்டது.

அந்தக் காலை

1990களின் நடுப்பகுதி. நான் பத்தாம் ஆண்டு, அணித்தலைவி. ஓகஸ்ட் விடுமுறைப் பாசறை. அந்த ஆண்டு வெயில் கடுமை. பாடசாலைத் தண்ணீர்த் தாங்கியில் பாதிக்கும் குறைவு. முதல் இரவு தீ நிகழ்ச்சி பத்தரை மணிக்கு முடிந்தது. எல்லோரும் தூங்கப் போனார்கள். தீயை அணைக்கும் பொறுப்பு என் அணிக்கு. எட்டுப் பேரில் ஆறு பேருக்குக் கண் சொருகிவிட்டது. நானும் இன்னொருத்தியும் மட்டும் நின்றோம்.

இரண்டு வாளித் தண்ணீர் பக்கத்திலேயே இருந்தது. அதை ஊற்றினால் காலைத் தேநீருக்கு மறுபடியும் குழாயடியில் காத்திருக்க வேண்டும். பக்கத்தில் புதிய வகுப்பறைக் கட்டடத்துக்குக் குவித்திருந்த மணல். மண்வெட்டியால் நாலு பக்கமும் மணலை வாரிப் போட்டோம். புகை நின்றது. சிவப்பு மறைந்தது. மேலே கை வைத்துப் பார்த்தேன், சூடில்லை. "அணைஞ்சிருச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தேன். மறுநாள் இரவுக்கும் அதே இடத்தில் தீ மூட்ட வேண்டுமே என்பதால் கல் வட்டத்தையும் கலைத்து ஓரமாக அடுக்கி வைத்திருந்தோம்.

காலை ஆறரை மணி. கொடியேற்றத்துக்காக மைதானத்தைக் குறுக்கே ஓடி வந்த ஏழாம் ஆண்டுத் தங்கச்சி ஒருத்தி வெறுங்காலுடன் அந்த மணலில் மிதித்தாள். பார்வைக்கு அது வெறும் மணல். கால் உள்ளே அமிழ்ந்தது. அந்த அலறலை எழுத்தில் கொண்டுவர முடியாது. யாரோ பற்பசையைப் பூசினார்கள். யாரோ நல்லெண்ணெய் என்றார்கள். ஒருவருக்கும் அவள் காலைத் தண்ணீரில் வைக்கத் தோன்றவில்லை. நானும் வைக்கவில்லை. இரண்டு வாளித் தண்ணீர் அப்போதும் அங்கேதான் நின்றது.

பல வாரம் அவள் பாடசாலைக்கு வரவில்லை. தோல் ஒட்டுச் சிகிச்சைக்குப் பின் இரண்டு விரல்கள் வளைந்தபடியே நின்றுவிட்டன. எல்லோரும் அதை விபத்து என்றார்கள். என்னை யாரும் ஏசவில்லை. தீயை மணலால் மூடியது நான்தான் என்று நானும் வாய் திறந்து சொல்லவில்லை. அதன் பின் நமது பாடசாலையில் பல ஆண்டுகள் பாசறை நடக்கவில்லை. பெற்றோர் பயந்தார்கள், ஆசிரியர்களும் பயந்தார்கள். எனக்குப் பின் வந்த எத்தனையோ வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்த ஓர் இரவு கிடைக்காமல் போனதற்கு நானும் ஒரு காரணம்.

இதை எழுதும் முன் அந்தத் தங்கச்சியைத் தேடித் தொலைபேசியில் பேசினேன். இப்போது வெளிநாட்டில் இருக்கிறாள். உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு சொன்னாள்: "எழுதுங்க அக்கா. ஆனா பாசறையே வேணாம்னு முடிச்சிடாதீங்க. அந்த ராத்திரி நான் பாடுன பாட்டு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு."

மணலுக்குள் என்ன நடந்தது

மருத்துவம் படிக்கும்போதுதான் அந்தக் காலையின் கணக்கு எனக்குப் புரிந்தது. தீக்கு மூன்று வேண்டும்: எரிபொருள், காற்று, சூடு. மணல் காற்றை மட்டும் தடுக்கிறது. சூட்டை எடுத்துப் போவதில்லை. மாறாக, போர்வை போல அதைப் பொத்தி வைக்கிறது. மேற்புறம் ஆறிவிடும், கை வைத்தால் சுடாது, உள்ளே கங்கு கனன்றுகொண்டே இருக்கும். தண்ணீர் அப்படியல்ல. நீராவியாக மாறும்போது அது சூட்டையே வாங்கிக்கொண்டு போகிறது.

அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரச் சிறுவர் வைத்தியசாலையில், 2000களின் தொடக்கத்தில், பாசறைத் தீயில் காயப்பட்டு வந்த பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். பெரும்பாலான காயங்கள் எரியும் சுவாலையால் ஏற்பட்டவை அல்ல, அணைந்ததாக நினைத்த சாம்பலாலும் கங்காலும் ஏற்பட்டவை. அதே ஆய்வாளர்கள் தீயை மூட்டி அணைத்து அளந்தும் பார்த்தார்கள். தண்ணீர் ஊற்றிய தீ பத்து நிமிடத்தில் 50 பாகை அளவுக்கு இறங்கியது. மணலால் மூடிய தீ எட்டு மணித்தியாலம் கழித்தும் கொதிநீரின் சூட்டில் இருந்தது. 60 பாகை சூட்டில் ஐந்து வினாடி பட்டாலே தோல் ஆழமாக வெந்துவிடும். நாங்கள் இரவு பத்தரைக்கு மூடினோம், அவள் காலை ஆறரைக்கு மிதித்தாள். சரியாக எட்டு மணித்தியாலம்.

இதற்குப் பிரிஸ்பேன் வரை போயிருக்கவும் தேவையில்லை. அம்மாயியின் அடுப்பு இரவுதோறும் எனக்கு இதைத்தான் காட்டியது. கங்கை உயிரோடு வைத்திருக்க அவர் செய்ததையே, கங்கைக் கொல்வதற்காக நான் செய்தேன்.

தீவும் மலையும்

பாசறைத் தீ பிறந்த பிரவுண்சீ தீவுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1934 இல் அத்தீவில் கடற்சாரணர் பாசறை அமைத்திருந்த வேளையில் தீ பரவித் தீவின் பெரும்பகுதி எரிந்தது. காற்றுத் திசை மாறியதால்தான் கிழக்குக் கரைக் கட்டடங்கள் தப்பின. தீ தொடங்கியது சாரணர் தங்கிய இடத்திலல்ல. ஆனாலும் தீவின் உரிமையாளரான அம்மையார் பழியை அவர்கள் மேல் போட்டு, வெளியார் எவரும் வரக்கூடாது என்று கதவை அடைத்தார். அவர் 1961 இல் இறந்த பிறகே தீவு மீண்டும் திறந்தது. சாரணியத்தின் பிறந்த வீடே சாரணியத்துக்கு முப்பது ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. தீயைக் கையாள்பவர்கள் குற்றம் செய்யாவிட்டாலும் முதற் சந்தேகம் அவர்கள் மேல்தான் விழும். எனவே நமது தீ அணைந்துவிட்டது என்பதைப் பிறர் கண்ணாலும் காணும்படி அணைக்க வேண்டும்.

நமக்கு மேலே நிற்கும் மலையையும் நினைக்க வேண்டும். இரத்தோட்டையிலிருந்து ஏறும் பாதை ரிவஸ்டனுக்கும் இலுக்கும்புரைக்கும் போகிறது. மூடிய கைமுட்டியின் கணுக்களைப் போலத் தெரிவதால் வெள்ளையர் நக்கிள்ஸ் என்று பெயரிட்ட தும்பர மலைத்தொடர் அது. 2000 ஆம் ஆண்டு பாதுகாக்கப்பட்ட வனமாகவும், 2010 இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக யுனெஸ்கோ உலக மரபுரிமையாகவும் அறிவிக்கப்பட்டது. அங்குள்ள பத்தனைப் புல்வெளிகளில் வளரும் மானாப் புல் வறண்ட மாதங்களில் ஒரு பொறிக்குக் காத்திருக்கும். ரிவஸ்டன் காற்றைத் தெரியாதவர் நம்மில் யார்? அந்தக் காற்றில் தீ ஏறினால் மனிதரால் பிடிக்க முடியாது. இலங்கையின் காட்டுத் தீக்கள் ஏறக்குறைய எல்லாமே மனிதர் கையால் வருபவை. இங்கே மின்னலால் பற்றும் காடு மிக அரிது. புல்வெளி எரிந்தால் மழை வந்ததும் மேல்மண் ஓடிவிடும். அந்த மண்ணும் தண்ணீரும் ஓடி வருவது நமது ஊர்களுக்குத்தான். ஆகவே விடுமுறைக்கு வரும் சகோதரிகள் பிள்ளைகளுடன் மலைக்குப் போனால், அங்கே தீ மூட்டவே வேண்டாம். ஒதுக்கக் காட்டில் தீ மூட்டுவது சட்டப்படி குற்றமுமாகும். தேநீருக்குச் சுடுநீர்ப் போத்தல் போதும். பாசறைத் தீக்கு இடம் நமது மைதானம்.

மூட்டும் முறை

நூற்றாண்டு இரவுக்காக, இன்றைய சாரணியப் பிள்ளைகளுடன் இருந்து ஒப்புக்கொண்ட முறையை இங்கே பதிகிறேன். இன்னொரு ஐம்பது ஆண்டுக்குப் பிறகு யாராவது இந்த மலரைப் புரட்டினால் பயன்படட்டும்.

முதலில் இடம். கூடாரம், மரக்கிளை, பந்தல், மின்கம்பி எதுவும் பதினைந்து அடிக்குள் இருக்கக்கூடாது. பத்தடி அகல வட்டத்தில் புல், சருகு எல்லாவற்றையும் துப்புரவாக்க வேண்டும். நடுவில் புற்றரையைச் சதுரமாக வெட்டி எடுத்து, நிழலில் வைத்துத் தண்ணீர் தெளிக்க வேண்டும். முடிந்ததும் அதைத் திரும்பப் பதிக்கலாம். சுற்றிக் கல் வைப்பதானால் ஆற்றுக் கல் வேண்டாம். உள்ளே ஈரம் ஊறிய கல் சூட்டில் வெடிக்கும். காற்று வீசும் திசையில் யாரும் உட்கார வேண்டாம். காற்றுப் பலமான இரவானால் தீயே வேண்டாம், அரிக்கேன் லாம்பைச் சுற்றி உட்கார்ந்தாலும் பாட்டுப் பாட்டுத்தான்.

அடுத்தது விறகு. உலர்ந்த தென்னம்பாளையும் சருகும் பற்றவைக்க, கவ்வாத்து மிலாறு பிடிக்க, நல்ல விறகு நின்று எரிய. முதலில் கூம்பாகவும், அதைச் சுற்றிப் பெட்டி போலவும் அடுக்கினால் உள்ளிருந்து சீராக எரியும். ஆளுயரத் தீ தேவையில்லை, இடுப்பளவு போதும். பெரிய தீக்குப் பெரிய கங்கு, பெரிய கங்குக்கு நீண்ட இரவு. மண்ணெண்ணெய், பெற்றோல் எதுவும் கூடாது. ஊற்றிய எண்ணெயின் ஆவி தீக்குச்சியை உரசியதும் ஒரேயடியாகப் பற்றிக்கொள்ளும். எரியும் தீயில் போத்தலிலிருந்து ஊற்றினால் சுவாலை போத்தலுக்கே ஏறி வரும். என் பணிக்காலத்தில் நான் பார்த்த மோசமான முகக் காயங்கள் சில அப்படி வந்தவை. முன்பு பிரதம விருந்தினருக்காக விறகில் மண்ணெண்ணெய் தெளித்து வைப்பது நம்மிடமும் வழக்கமாக இருந்தது. இம்முறை விருந்தினர் இரண்டு நிமிடம் பொறுத்துக்கொள்ளட்டும்.

உடை. நைலோன் சேலையும் தொங்கும் முந்தானையும் தீயருகே வேண்டாம். பருத்தி உடை, பின்னிக் கட்டிய தலைமுடி, மூடிய சப்பாத்து. ஒருபோதும் வெறுங்கால் வேண்டாம். நம்மில் பலருக்கு இப்போது நீரிழிவு. பாதம் மரத்திருந்தால் சூடு பட்டதே தெரியாது. பெரியவர்கள் என்பதால் விதிவிலக்கு இல்லை. குளிர் என்று கங்குச் சட்டியைக் கூடாரத்துக்குள் கொண்டுபோகவும் கூடாது. அதிலிருந்து வரும் நச்சு வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

அணைக்கும் முறை

நிகழ்ச்சி முடிய முக்கால் மணிக்கு முன்பே புதிய விறகு போடுவதை நிறுத்த வேண்டும். எரிந்து அடங்கியதும் கட்டைகளைப் பிரித்துக் கங்குகளைப் பரப்ப வேண்டும். ஓரத்திலிருந்து நடுவுக்குத் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து ஊற்ற வேண்டும். ஒரேயடியாகக் கொட்டினால் சுடுநீராவி முகத்தில் அடிக்கும். பின் நீண்ட கம்பால் கிளறி, கட்டைகளைப் புரட்டி, மறுபடியும் தண்ணீர். சீறும் சத்தம் நிற்கும்வரை இதையே செய்ய வேண்டும். பிறகு புறங்கையைச் சாம்பலுக்கு மேல் பிடித்து, வெப்பம் இல்லை என்றால் மெல்லத் தொட்டுப் பார்க்க வேண்டும். கையை வைத்திருக்க முடியாத தீ இன்னும் அணையாத தீ. மணல் வேண்டாம். அணைந்த பின்னும் காலை வரை இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, ஓர் அரிக்கேனை வைத்துவிட வேண்டும். இதற்கான தண்ணீரைக் காலைத் தேநீருக்கான தண்ணீரிலிருந்து முன்கூட்டியே பிரித்து வைக்க வேண்டும். நான் இதை எழுதும்போது என் கை சற்று நடுங்குகிறது.

அப்படியும் யாருக்காவது பட்டுவிட்டால், ஓடுகிற குளிர்ந்த தண்ணீரில் இருபது நிமிடம். கடிகாரம் பார்த்து இருபது நிமிடம். உடனே செய்ய முடியாமற் போனாலும் மூன்று மணித்தியாலத்துக்குள் செய்தால் பயனுண்டு. வளையல், மோதிரம், கொலுசு ஆகியவற்றை வீங்குமுன் கழற்றிவிட வேண்டும். பற்பசை, எண்ணெய், ஐஸ் எதுவும் வேண்டாம், கொப்புளத்தை உடைக்கவும் வேண்டாம். துப்புரவான ஈரமில்லாத துணியால் தளர்வாக மூடி வைத்தியசாலைக்கு. 1990 என்று அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். உடையில் தீப்பற்றினால் ஓடக்கூடாது. நின்று, படுத்து, முகத்தைக் கையால் மூடி உருள வேண்டும்.

பன்னிரண்டாவது படம்

பேடன் பவல் 1941 இல் கென்யாவில் இறந்தார். அவருடைய கல்லறையில் ஒரு வட்டமும் நடுவில் ஒரு புள்ளியும் பொறித்திருக்கிறார்கள். வழி அடையாளங்கள் படித்த எந்தச் சாரணியருக்கும் அதன் பொருள் தெரியும்: நான் வீடு திரும்பிவிட்டேன். பாசறைக்குப் போன எல்லாப் பிள்ளைகளும் கால் கை பழுதில்லாமல் வீடு திரும்பினால்தான் அந்தப் பாசறை முடிந்தது என்று பொருள்.

நூற்றாண்டு இரவில் தீயை மூட்ட யாரை அழைப்பது என்று சங்கத்தில் நீண்ட பேச்சு நடந்தது. மூத்த அக்கா ஒருவர் மூட்டுவார் என்று முடிவாகியிருக்கிறது, மகிழ்ச்சி. அணைப்பவரையும் நிகழ்ச்சி நிரலில் போடுங்கள் என்று நான் கேட்டேன். ஏற்றுக்கொண்டார்கள். கடைசிப் பாட்டுக்குப் பின் யாரும் எழுந்து போகாமல், எல்லோரும் வட்டத்திலேயே இருக்க, வாளிகள் கை மாறி வரும். தண்ணீர் ஊற்றிக் கிளறித் தொட்டுப் பார்த்து "அணைந்தது" என்று இரண்டு பேர் சேர்ந்து சொன்ன பிறகே பாசறை கலையும். அந்த இருவரில் ஒருத்தி நான். மற்றவள் வெளிநாட்டிலிருந்து விமானச் சீட்டு எடுத்துவிட்டதாகச் செய்தி அனுப்பியிருக்கிறாள்.

புகைப்படம் எடுப்பவர்கள் அதுவரை இருங்கள். அந்தப் பன்னிரண்டாவது படமும் நமது ஆல்பத்துக்கு வேண்டும்.